மாத்திரையா, ஊசியா, காப்பர் டி-யா? இரத்த அழுத்தம் உள்ள பெண் எதைத் தேர்வது

சென்ற ஆண்டு தை மாதத்தில், கடலூர் முதுநகரிலிருந்து வந்த 36 வயதுப் பெண் ஒருவர் என் மருந்துக்கடையின் கண்ணாடி மேசைமீது இரண்டு காலி அட்டைகளை வைத்து, இரண்டிலும் ஒவ்வொன்று வேண்டும் என்று கேட்டார். ஒன்று 21 மாத்திரைகள் கொண்ட கருத்தடை மாத்திரை அட்டை. ஐந்து ஆண்டுகளாக அவர் சாப்பிட்டு வருவது. மற்றொன்று அம்லோடிபின் 5 மில்லிகிராம். தலைச்சுற்றலுக்காகக் காட்டப்போன இடத்தில் இரத்த அழுத்தம் 152/98 என்று கண்டு, இரண்டு மாதங்களுக்கு முன் எழுதிக் கொடுக்கப்பட்டது. முதல் மாத்திரை அழுத்தத்தை ஏற்றக்கூடியது, இரண்டாவது அதை இறக்குவதற்காக வந்தது. ஒரு சீட்டை எழுதியவருக்கு மற்றச் சீட்டு இருப்பதே தெரியாது. “வேற என்ன மாத்திரை சாப்புடறன்னு கேட்டாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டேங்க்கா” என்றார் அவர். கருத்தடை மாத்திரையை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை.

நான் மருத்துவர் அல்லள். திருப்பாதிரிப்புலியூரில் இருபது ஆண்டுகளாகக் கடை நடத்தும் மருந்தாளுநர். அந்தப் பெண்ணுக்கு அன்று சொன்னதையும், பிறகு பலருக்குச் சொல்லி வருவதையும் இங்கே முறையாக எழுதி வைக்கிறேன். இரத்த அழுத்தம் உள்ள பெண்களிடம் நான் காணும் பிழை இரண்டு வகைப்பட்டது. சிலர் அழுத்தம் ஏறியது தெரியாமலே மாத்திரையைத் தொடர்கிறார்கள், வேறு சிலர், “பி.பி. இருக்கிறது, எனக்கு எந்தக் கருத்தடையும் ஒத்துக்கொள்ளாது” என்று எண்ணி எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டு, எதிர்பாராமல் கருத்தரித்து, ஒன்பது மாதமும் அழுத்தத்தோடு போராடுகிறார்கள். இரண்டாவது பிழை முதலாவதைவிடப் பெரியது என்பது என் உறுதியான கருத்து. கருத்தடை முறைகளில் அழுத்தத்தை ஏற்றும் முதன்மையான சரக்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்தான். அது கலவாத வழிகள் பல இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனைகளில் காசில்லாமல் கிடைக்கின்றன.

நாம் பொதுவாகக் கருத்தடை மாத்திரை என்று சொல்வது கூட்டு மாத்திரை. அதில் எத்தினைல் எஸ்ட்ராடயால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டின் வகையைச் சேர்ந்த இன்னொரு ஹார்மோனும் சேர்ந்திருக்கும். அரசு தரும் மாலா-என், கடைகளில் விற்கும் மாலா-டி ஆகியவற்றில் எத்தினைல் எஸ்ட்ராடயால் 0.03 மில்லிகிராமும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் உள்ளன. 28 மாத்திரைகளில் கடைசி 7 வெறும் இரும்புச் சத்து. வயிற்றிலிருந்து உறிஞ்சப்பட்ட ஈஸ்ட்ரோஜன் நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அது ஆஞ்சியோடென்சினோஜன் என்னும் புரதத்தை வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின் அந்தப் புரதத்தை வெட்ட, அதிலிருந்து பிறக்கும் ஆஞ்சியோடென்சின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; கூடவே ஆல்டோஸ்டிரோனைத் தூண்டி உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது. குழாய் சுருங்கி, உள்ளே ஓடும் நீரும் கூடினால் அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? பெரும்பாலான பெண்களின் உடல் இதைச் சரிக்கட்டிக்கொள்கிறது; சிலருடைய உடலால் அது முடிவதில்லை.

இது புதிதாகத் தெரிந்த செய்தியன்று. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் அளவு 150 மைக்ரோகிராம், அதாவது இன்றைய மாலா-டி-யில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு. 1967இலேயே ஜான் லாராக் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், மாத்திரை சாப்பிட்ட பெண்கள் சிலருக்கு அழுத்தம் ஏறியதையும், நிறுத்தியபின் இறங்கியதையும், அதற்கு ரெனின் வழித்தடம் காரணமாக இருப்பதையும் எழுதிவிட்டார்கள். அளவு குறைக்கப்பட்ட பிறகும் விளைவு முற்றிலும் மறையவில்லை. 1996இல் வெளியான ஆய்வொன்று 68,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒருபோதும் சாப்பிடாதவர்களைவிட 1.8 மடங்கு அதிகமாக உயர் இரத்த அழுத்தம் வந்திருந்தது. 1.8 மடங்கு என்றதும் அச்சம் வரும். ஆனால் அதே ஆய்வின் மற்றொரு கணக்கு, 10,000 பெண்கள் ஓராண்டு சாப்பிட்டால் மாத்திரையால் கூடுதலாக அழுத்த நோய்க்கு ஆளாகிறவர்கள் ஏறத்தாழ 41 பேர் என்பது. மாத்திரையை நிறுத்தியவர்களிடம் இந்த அபாயம் விரைவாகக் குறைந்தும் போனது. ஆகவே இளம் வயதில், இயல்பான அழுத்தத்தோடு, புகைப்பழக்கமோ வேறு நோயோ இல்லாத பெண் மாத்திரையைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அந்த 41 பேரில் தாம் ஒருவரா என்பதை அறிய அவர் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும்: அழுத்தத்தை அளந்து பார்ப்பது.

அளப்பதைப் பற்றிச் சற்று விரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் தேர்வு முழுவதும் அந்த ஓர் எண்ணின்மேல்தான் நிற்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்து, மூச்சு வாங்க நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையில் பையைப் பிடித்தபடி, பேசிக்கொண்டே அளக்கக் கொடுத்தால் வரும் எண் உண்மையான எண் ஆகாது. அரைமணி நேரத்துக்குள் காபி, தேநீர் குடித்திருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமீது இருக்க வேண்டும். பட்டை கைப் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக உயரும். ரவிக்கைக் கையை இழுத்து மேலே சுருட்டி, அது கையை இறுக்கியிருக்க, அதற்குக் கீழே பட்டையைக் கட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன், அதுவும் பிழையே. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். வேறொரு நாளிலும் அதே அளவு வந்தால்தான் நோய் என்று சொல்வார்கள். மருத்துவமனையில் 140/90, வீட்டில் 135/85 என்பவை எல்லைக் கோடுகள். கடலூர்ப் பக்கத்தில், தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளக்கிறார்கள். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் அந்தத் திட்டம் இல்லை; அங்குள்ளவர்கள் தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம்.

அந்த எண்ணை வைத்து எந்தக் கருத்தடை பொருந்தும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையையும் ஒவ்வொரு நோய் நிலைக்கும் 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள்: 1 என்றால் தடையில்லை, 2 என்றால் நன்மை மிகுதி, 3 என்றால் பொதுவாகத் தீமை மிகுதி, வேறு வழியே இல்லாதபோதுதான், 4 என்றால் கூடவே கூடாது. கூட்டு மாத்திரைக்கு, அழுத்தம் 140/90 முதல் 159/99 வரை இருந்தால் தரம் 3; 160/100 அல்லது அதற்கு மேல் என்றால் 4. “மாத்திரை போட்டு என் பி.பி. கட்டுக்குள்தானே இருக்கிறது” என்று கேட்பவர்களுக்கும் பதில் 3தான். காரணம், இரத்தக் கட்டி, மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய அபாயங்களைக் கூட்டு மாத்திரை சிறிது கூட்டுகிறது. அழுத்த நோயும் அவற்றில் பின்னிரண்டைக் கூட்டுகிறது. அம்லோடிபின் எண்ணை இறக்கினாலும் இந்த இரண்டு கூட்டலும் ஒரே உடலில் சேர்வதை முழுமையாக அழித்துவிடாது. 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்கள், கண்முன் மின்னல்போல் ஒளி தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் ஆகியோருக்கும் கூட்டு மாத்திரை ஆகாது. அவர்களுக்கு அழுத்தம் சரியாகவே இருந்தாலும் இதே பதில்தான்.

கூட்டு மாத்திரைகளுக்குள்ளேயே ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. 35, 30, 20 மைக்ரோகிராம் என ஈஸ்ட்ரோஜன் அளவில் வேறுபட்ட மாத்திரைகள் கிடைக்கின்றன. அளவு குறையக் குறைய அழுத்தத்தின்மேல் உள்ள தாக்கமும் பொதுவாகக் குறைகிறது. டிராஸ்பைரினோன் கலந்த மாத்திரைகளைத் தனியே சொல்ல வேண்டும். அந்தப் புரோஜெஸ்டின் ஆல்டோஸ்டிரோனுக்கு எதிராக வேலை செய்வதால், உப்பும் நீரும் தேங்குவது ஓரளவு தடுக்கப்படுகிறது. அழுத்தம் இயல்பாக இருந்து, கால் வீக்கமும் உடல் ஊதலும் தொல்லை தருகிறவர்களுக்கு இது நல்ல மாற்று. ஆனால் அழுத்த நோய் உறுதியானவருக்கு இதிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்பதே முதன்மையான செய்தி, தரம் மாறுவதில்லை. அதோடு டிராஸ்பைரினோன் பொட்டாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும். எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற அழுத்த மாத்திரைகளும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் அளவுக்கு மீறிப் போகக்கூடும்.

நம் ஊர்ப் பெண்கள் பலருக்குக் கூட்டு மாத்திரை அறிமுகமாவது கருத்தடைக்காக அன்று. மாதவிலக்குச் சீராக வரவில்லை, முகத்தில் முடி வளர்கிறது, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்ற காரணங்களுக்காக. சைப்ரோடிரோனும் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயாலும் சேர்ந்த மாத்திரைகள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. இதைக் கருத்தடை மாத்திரை என்று யாரும் சொல்லாததால், அழுத்தம் பார்க்க வேண்டும் என்ற நினைப்பும் எழுவதில்லை. பி.சி.ஓ.டி. உள்ளவர்களில் பலருக்கு உடல் எடையும் அதிகம், அழுத்தம் ஏறும் வாய்ப்பும் அதிகம் என்பதால், உண்மையில் இவர்கள்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டியவர்கள்.

இன்னொன்று, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரி நடக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கடைக்கு வரும் பெண்கள் குரலைத் தாழ்த்தி, “நாள் தள்ளிப்போக மாத்திரை” கேட்பார்கள். நார்எதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை என்பது வழக்கமான அளவு. பெயரளவில் இது புரோஜெஸ்டின் மட்டுமே. ஆனால் உடலுக்குள் போனபின் அதில் ஒரு சிறு பகுதி எத்தினைல் எஸ்ட்ராடயாலாக மாறுகிறது. நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம் சாப்பிடும்போது, அது 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டதற்கு ஒப்பாகிவிடுகிறது. அதாவது ஈஸ்ட்ரோஜன் வேண்டாம் என்று ஒதுக்கியவர் அறியாமலே ஒரு கூட்டு மாத்திரைக்கு நிகரானதைச் சாப்பிடுகிறார். நலமான பெண்ணுக்குச் சில நாள்களில் பெரிய தீங்கு வராது. அழுத்தம் 160ஐத் தொட்டவருக்கும், முன்பு காலில் இரத்தம் உறைந்தவருக்கும் இதைச் சீட்டில்லாமல் தருவதற்கு என் மனம் இடம் தருவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், போகட்டும்.

ஈஸ்ட்ரோஜன் கலவாத மாத்திரைகள் இரண்டு உண்டு. டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் மட்டும் உள்ள மாத்திரை தனியார் கடைகளில் கிடைக்கிறது. இடைவெளி இல்லாமல் 28 நாளும் சாப்பிட வேண்டும். அழுத்தம் 159/99 வரை தரம் 1, அதற்கு மேல் 2. மாத்திரை வடிவமே வேண்டும், பாலூட்டுகிறேன், அழுத்தமும் இருக்கிறது என்பவருக்கு இது நேரடியான மாற்று. இதன் குறை, மாதவிலக்கு எப்போது வரும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாதபடி சொட்டுச் சொட்டாகப் படுவது. அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் பெண்கள் இதை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

மற்றொன்று சென்ட்குரோமன். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. சகேலி என்ற பெயரில் 1991இல் வந்தது. 2016 முதல் சாயா என்ற பெயரில் அரசின் குடும்ப நலத் திட்டத்திலும் இருக்கிறது. இது ஸ்டீராய்டு ஹார்மோனே அன்று. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் இதற்கு இடமில்லை. ஏனெனில் இது பெரும்பாலும் இந்தியாவில் மட்டும் பயன்படும் மாத்திரை. இதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்பதால் அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் பேச வேண்டிய ஒரு வாய்ப்பு. ஆனால் பி.சி.ஓ.டி., அண்மையில் வந்த மஞ்சள் காமாலை, சிறுநீரக நோய் ஆகியவை இருந்தால் ஆகாது. நெடுநாள் அழுத்தத்தால் சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மாதவிலக்கு 40, 45 நாள் என்று தள்ளிப் போவதும் உண்டு. கருவுற்றுவிட்டோமோ என்ற பதற்றத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

அந்தரா என்று அரசு தரும் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்சி புரோஜெஸ்டிரோன். தினமும் நினைவில் வைக்க வேண்டாம், வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பவை இதன் பெரிய வசதிகள்; கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டாவது வசதியின் அருமை தெரியும். அழுத்தம் 159/99 வரை இதற்குத் தரம் 2; 160/100க்கு மேல் 3. டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையைவிட ஒரு படி கடுமையாக இருப்பதற்குக் காரணம், இது நல்ல கொழுப்பைச் சற்றுக் குறைக்கிறது என்பதும், ஒருமுறை போட்டுவிட்டால் மூன்று மாதத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது என்பதும்தான். சிலருக்கு எடை கூடுகிறது. எடை கூடினால் அழுத்தம் அதன் பின்னாலேயே வரும். நிறுத்தியபிறகு கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம் என்பதால் அடுத்த குழந்தைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர்களுக்கும் இது ஏற்றதன்று.

இனிக் காப்பர் டி. அழுத்தம் எந்த அளவில் இருந்தாலும், 140 ஆனாலும் 180 ஆனாலும், அதனால் இரத்தக் குழாய்கள் பழுதுபட்டிருந்தாலும், இதற்குத் தரம் 1. அட்டவணையின் அந்த ஒரு வரிசை முழுவதும் 1 என்றே நிற்கும். இதில் ஹார்மோன் இல்லை. கருப்பைக்குள் இருக்கும் செம்பு அங்கேயே வேலை செய்கிறது, கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ செய்தி எதுவும் போவதில்லை. 380ஏ வகையை 10 ஆண்டும் 375 வகையை 5 ஆண்டும் வைத்திருக்கலாம். பலன் அளவிலும் இது மேலானது. மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டால் ஆண்டுக்கு 1,000 பெண்களில் 3 பேர்தான் கருத்தரிப்பார்கள். ஆனால் நடைமுறையில், மறதியும் வெளியூர்ப் பயணமும் சேர்ந்து, முதல் ஆண்டில் 100க்கு 7 பேர் ஆகிவிடுகிறது. ஊசியில் அது 4. காப்பர் டி-யில் 100க்கு ஒருவர்கூட இல்லை, ஏனெனில் மறப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

இவ்வளவு இருந்தும் நம் பெண்கள் தயங்குவதன் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு மாதவிலக்கு அதிகமாகவும் வலியோடும் வரலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகை உள்ளவர்கள் என்று 2019-21இன் தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது; அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் கூடுதலாக இரத்தம் போவது சிறு செய்தியன்று. ஆகவே ஹீமோகுளோபின் பார்த்து, குறைந்திருந்தால் இரும்புச் சத்து மாத்திரையோடு தொடங்க வேண்டும். கருப்பையை உருமாற்றிவிட்ட நார்க்கட்டி, நடப்பில் உள்ள தொற்று, காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் போடமாட்டார்கள். ஏற்கெனவே அதிகமாகப் படுகிறவர்களுக்கு, லெவோநார்ஜெஸ்ட்ரலைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருப்பைச் சாதனம் நல்லது. அது இரத்தப்போக்கைக் குறைக்கிறது, அழுத்தத்துக்கும் பெரும்பாலும் தடையில்லை. அதன் விலைதான் தடை. ‘லூப்’ மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே கிடையாது.

தமிழ்நாட்டில் குடும்பம் முடிந்தவர்கள் பெரும்பாலும் தேர்வது அறுவை சிகிச்சையைத்தான். திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதைச் செய்துகொண்டவர்கள். அழுத்த நோய் உள்ளவருக்கும் அது நிரந்தரக் கருத்தடையாக இருக்கும், ஆனால் மயக்க மருந்துக்கு முன் அழுத்தம் கட்டுக்குள் வந்திருக்க வேண்டும். 160/100க்கு மேல் இருப்பவருக்கு, முழு மயக்க மருந்து வசதியும் அனுபவமுள்ள குழுவும் இருக்கும் பெரிய மருத்துவமனையிலேயே செய்ய வேண்டும். அத்தகையவர்களை மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனை, ஜிப்மர் போன்ற இடங்களுக்கு அனுப்புவது அதனால்தான். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அழுத்தம் மனைவிக்கு, அறுவையின் அபாயமும் மனைவிக்கு என்று இருக்கும் வீட்டில், கணவர் செய்துகொள்ளும் தழும்பில்லா வாசெக்டமி கால் மணி நேர வேலை. வயிற்றைத் திறக்க வேண்டாம், முழு மயக்கமும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியானால் போதும். மனைவியின் இரத்த அழுத்தம் அந்த வீட்டின் பொதுப் பொறுப்பு என்று நினைக்கும் ஆண்கள் இதைப் பற்றி ஒருமுறையாவது மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஆணுறை அழுத்தத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் நடைமுறையில் ஆண்டுக்கு 100க்கு 13 பேர் கருத்தரிக்கிறார்கள். இந்த எண் ஒருசில பெண்களுக்கு மிகவும் கனமானது. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகிய அழுத்த மாத்திரைகள் வயிற்றில் வளரும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. இவற்றைச் சாப்பிடும் பெண், கருத்தரித்தது தெரியாமலே ஆறேழு வாரங்கள் கடந்துவிடக்கூடும். ஆகவே இம்மருந்துகளில் இருக்கும் இளம் பெண்கள் ஆணுறையை மட்டும் நம்பாமல் உறுதியான முறைக்குப் போவது நல்லது. அடுத்த குழந்தை வேண்டும் என்றால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

பேறுகாலத்தில் அழுத்தம் வந்தவர்களின் நிலையைத் தனியே எழுதுகிறேன். ஏழாம், எட்டாம் மாதத்தில் கால் வீங்கி, அழுத்தம் ஏறி, முன்கூட்டியே பிரசவம் பார்க்க வேண்டியிருந்தவர்கள் பலரை நாம் அறிவோம். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் மேலும் ஏறக்கூடும். பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் இறங்கிவிடும். அப்படி இறங்கியவருக்குக் கூட்டு மாத்திரை தரம் 2, கொடுக்கலாம். ஆனால் முன்சூல்வலிப்பு (ப்ரீ-எக்லாம்சியா) என்னும் பேறுகால அழுத்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிலையான அழுத்த நோய் வரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு அதிகம் என்பதால், அவர்கள் மாத்திரை தொடங்கினால் மாதந்தோறும் அளந்தாக வேண்டும். பாலூட்டும் தாய்க்குப் பிரசவமான ஆறு வாரத்துக்குள் கூட்டு மாத்திரை தரம் 4, ஆறு மாதம் வரை 3. இத்தகைய பெண்ணுக்கு, பிரசவமான 48 மணி நேரத்துக்குள், மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன்பே போட்டுவிடும் காப்பர் டி-யை விட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அழுத்தத்தோடு பிரசவித்த பெண் அடுத்த ஆண்டே மறுபடி கருத்தரிப்பதைத் தடுக்க வீட்டார் செய்யக்கூடிய உதவி, இந்தப் பேச்சை ஒன்பதாம் மாதத்திலேயே தொடங்கிவிடுவது.

இரத்தக் கட்டி பற்றி அஞ்சுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 10,000 பெண்களில், மாத்திரை சாப்பிடாதவர்களில் 1 முதல் 5 பேருக்கும், கூட்டு மாத்திரை சாப்பிடுபவர்களில் 3 முதல் 9 பேருக்கும், கருவுற்றவர்களில் 5 முதல் 20 பேருக்கும், பிரசவமான முதல் வாரங்களில் இருப்பவர்களில் 40 முதல் 65 பேருக்கும் அது வருகிறது. கருத்தடையைக் கைவிடுவது மிகப் பெரிய பிழை என்று நான் முன்பு சொன்னதன் பொருள் இதுதான்.

மாத்திரையை விட்டுவிட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்றால், வீட்டில் வேறு என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். முட்டிவலிக்கு அன்றாடம் போடும் டைக்ளோஃபினாக், இருமலுக்கு நாள்கணக்கில் சுவைக்கும் அதிமதுரம், தினமும் தட்டில் வரும் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஆகிய ஒவ்வொன்றும் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.

முதுநகர்ப் பெண்ணிடம் அன்று நான் எந்த அட்டையையும் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. உட்காரவைத்து அளந்தேன்; அம்லோடிபின் சாப்பிட்டும் 146/94. அவருடைய கணவர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். ஆண்டுக்கு இரண்டு மாதம் விடுமுறையில் வருவார். இடையில் விட்டுவிட்டால் மறந்துவிடுவோம் என்ற அச்சத்தில், கணவர் இல்லாத பத்து மாதமும் அவர் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். கணவர் மாசியில் வருகிறார் என்பதால், மாற்று ஏற்பாடு இல்லாமல் மாத்திரையை நிறுத்தவும் முடியாது. ஆணுறை போதும் என்றால் அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் வேண்டியிருக்கும். ஆனால் அவருக்கு இரண்டாவது பிரசவத்தில் 170 வரை ஏறிய அழுத்தம் நினைவிருந்தது, 100க்கு 13 என்ற எண்ணை அவர் ஏற்கவில்லை. ஊசியை எடைக்காகவும், அறுவையை வேலைக்கு விடுப்பு கிடைக்காது என்பதற்காகவும் ஒதுக்கினார். இரண்டு காலி அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் மருத்துவமனைக்குப் போய், இரண்டையும் மருத்துவரிடம் காட்டினார்.

அந்த வாரமே காப்பர் டி போட்டார்கள். போட்ட அன்றிலிருந்தே அது வேலை செய்வதால் மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். அம்லோடிபினைத் தானாக நிறுத்தக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்லி, நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். கடும் தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்று எது வந்தாலும் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பங்குனியில் 134/86. சித்திரைக் கடைசியில் 126/80. அதன்பிறகு மருத்துவர் அம்லோடிபினைப் பாதியாகக் குறைத்தார். முதல் இரண்டு மாதவிலக்கும் அதிகமாகத்தான் இருந்தன என்றார். இரும்புச் சத்து மாத்திரை வாங்கிப் போனார். ஆடியில் அளவெடுக்க வந்தபோது, கூடவே தன் ஓரகத்தியையும் அழைத்து வந்திருந்தார். அவருக்கு வயது 29, பி.சி.ஓ.டி.க்காக ஓராண்டாக மாத்திரை சாப்பிடுகிறார், இதுவரை ஒருமுறைகூட அழுத்தம் பார்த்ததில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, பட்டையைக் கையில் எடுத்தேன்.